வாயை விடுங்கள், முதலில் சூட்டைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். கடலை போடுவதற்காக நிலத்தை ரோட்டவேட்டர் விட்டு ஓட்டியபோது ஒரு நட்சத்திர ஆமை அடிபட்டுவிட்டது. ஓட்டின் பின்பக்கம், வலது ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு உடைந்து உள்ளே சதை தெரிந்தது. அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டினோம். கழுவிக் கட்டுப் போட்டு, ஐந்து நாள் ஊசி போட்டார்கள். வனத்துறைக்கும் தகவல் சொன்னோம். வந்து பார்த்தவர், "கொஞ்சம் தேறட்டும், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள், எடுத்துப்போக ஆள் அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு நாளாகிறது, ஆமை சாப்பிட மாட்டேன் என்கிறது. முட்டைக்கோஸ், பசலைக்கீரை, வாழைப்பழம், சோறு எல்லாம் வைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் கட்டு மாற்றுவதற்காக முற்றத்தில் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்திருந்தபோது தக்காளியை ஒரு கடி கடித்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்து, ஈ மொய்க்காமல் இருக்க மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறோம். மளிகைக் கடைத் தராசில் முதல் நாள் 1,240 கிராம் இருந்தது, இன்று 1,190. பால் ஊற்றச் சொல்கிறார் என் மாமியார். கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து கஞ்சி புகட்டலாம் என்கிறார் கணவர். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அக்கம்பக்கத்தில் வேறு பேசுகிறார்கள். எப்படித்தான் சாப்பிட வைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முற்றத்து வெயிலில் இருந்தபோது தக்காளியைக் கடித்தது என்கிறீர்களே, அதுதான். தாடை உடையவில்லை, நாக்கு வேலை செய்கிறது, உணவைப் பார்த்து அடையாளம் காண்கிறது, பசியும் எங்கோ இருக்கிறது என்று அந்த ஒரு கடி சொல்கிறது. அன்றைக்கு மட்டும் ஏன் கடித்தது? அன்றைக்கு மட்டும்தான் அதன் உடம்பு சூடாக இருந்தது. மற்ற பத்து நாளும் மார்கழிக் குளிரில், வீட்டுத் தரையில், மின்விசிறிக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. நமக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உடம்புக்குள்ளேயே சூடு உற்பத்தியாகிறது. ஆமை அதை வெயிலிலிருந்தும் தரையிலிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த ஆமையின் குடல் நகராது, செரிமான நீர்கள் வேலை செய்யாது, காயத்தோடு போராட வேண்டிய வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். போட்ட ஊசி மருந்து உடம்பில் பரவுவதுகூடத் தாமதப்படும். அந்த நிலையில் வயிற்றுக்குள் உணவைத் திணிப்பது, அடுப்பு மூட்டாமல் உலையில் அரிசியைக் கொட்டுவதுதான். உள்ளே போனது செரிக்காமல் புளித்து, வாயு கட்டி, நுரையீரலை அழுத்தும். ஆகவே கஞ்சி, கரண்டி எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். வரிசை இதுதான்: சூடு, தண்ணீர், வலி நீங்குவது. உணவு அதற்குப் பிறகு.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஈக்களுக்குப் பயந்துதான் அங்கே வைத்திருக்கிறீர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஓட்டுக் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியும். அதற்குக் கொசுவலைத் துணி போதும். கூடையையும் மாற்றுங்கள். ஓட்டைகள் உள்ள கூடையில் காற்று ஊடுருவும், வெளியே நடப்பதெல்லாம் தெரியும், ஆள் நடமாடும்போதெல்லாம் ஆமை தலையை இழுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வெளிச்சம் புகாத பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ மரப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடி நீளமாவது இருக்கட்டும். அடியில் செய்தித்தாள் விரித்து, அழுக்கானவுடன் மாற்றுங்கள். காயம் மூடும் வரை மண்ணோ வைக்கோலோ வேண்டாம். ஒரு மூலையில் பாதி உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். ஒளிய இடம் இல்லாத காட்டு ஆமை பயத்திலேயே பட்டினி கிடக்கும்.

எதிர் மூலையில், தொட்டிக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு உதவாது, அது வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. பல்பு துணியிலோ அட்டையிலோ படாதபடி கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். மருந்துக் கடையில் விற்கும் அறை வெப்பமானி ஒன்றை ஆமையின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பல்புக்குக் கீழே 32 முதல் 35 டிகிரி, பானை இருக்கும் மூலையில் 27, 28 டிகிரி இருக்க வேண்டும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஆமை தானே நடந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், அதற்காகத்தான் இரண்டு மூலை. இரவில் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. பல்பு வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்குள் ஓர் ஓரமாக வையுங்கள். நட்சத்திர ஆமை குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் இனமும் அல்ல. "குளிருக்கு முடங்கிக் கிடக்கிறது, தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காலை வெயில் இதைவிடச் சிறந்தது. எட்டரை மணிக்கு மேல் அரை மணி நேரம் முற்றத்தில் வையுங்கள், பக்கத்திலேயே நிழலும் இருக்கட்டும். ஆமைக்குத் தேவையான வைட்டமின் டி அந்த வெயிலில்தான் உருவாகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். ஆனால் ஓடிப்போக முடியாதபடி வெயிலில் விட்டுவிட்டு நீங்கள் சமையலுக்குப் போய்விடக் கூடாது. நிழல் கிடைக்காத ஆமை மார்கழி வெயிலிலும் வெந்து செத்துப்போகும். அந்த நேரத்தில் கட்டின் மேல் கொசுவலைத் துணியும் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பதினோரு நாளில் 50 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது நூற்றுக்கு நான்கு. அதில் பெரும்பகுதி நீர்ச்சத்து என்றுதான் நினைக்கிறேன். கழிவாக வெள்ளையாக ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். அது யூரிக் அமில உப்பு. குழைவாக வந்தால் பரவாயில்லை. விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தாலோ, கட்டியாக வந்தாலோ, ஒன்றுமே வராமல் இருந்தாலோ உடம்பு வறண்டிருக்கிறது என்று பொருள். கண் உள்ளே போயிருந்தாலும் அப்படித்தான். வறண்ட ஆமைக்குப் பசிக்காது.

வழக்கமாக இளஞ்சூடான தண்ணீரில் தினமும் இருபது நிமிடம் உட்கார வைக்கச் சொல்வேன். உங்கள் ஆமைக்குப் பின்பக்க ஓரத்தில் திறந்த காயம் இருப்பதால் அப்படியே செய்ய முடியாது. தண்ணீர் காயத்துக்குள் புகக் கூடாது. ஒரு தட்டையான தாம்பாளத்தை எடுத்து, ஆமையின் பின்பக்கம் இருக்கும் விளிம்புக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துச் சாயுங்கள். தண்ணீர் முன்பக்கம் மட்டும் தேங்கும். முன்கால்களும் தாடையும் நனையும் அளவு, ஒரு விரல்கணு ஆழம் போதும். கை விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் 30 டிகிரி பக்கம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு கழுத்து மெல்ல நீளும், மூக்கு தண்ணீருக்குள் முங்கும், தொண்டைத் தோல் ஏறி இறங்கத் தொடங்கும். குடிக்கிறது என்பதற்கு அந்தத் தொண்டைத் துடிப்புதான் அடையாளம். அப்போது பக்கத்தில் நின்று பேசாதீர்கள். சிறுநீரோ மலமோ கழித்தால் உடனே எடுத்துத் துடைத்து, தண்ணீரை மாற்றுங்கள். கட்டு நனைந்துவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

மூன்று நாள் இப்படிச் செய்தும் குடிக்கவில்லை என்றால் மருந்தகத்தில் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லுங்கள். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 முதல் 25 மில்லி என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஆமைக்கு 18 முதல் 30 மில்லிக்குள் வரும். திரவத்தைச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். டாக்டரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆடு மாடு பார்த்துப் பழகிய ஒருவர், ஆமையை மேசைக்கு வந்தவுடன் திருப்பி அனுப்பாமல் கட்டுப் போட்டு ஊசியும் போட்டிருக்கிறார் என்றால், அவர் கேட்டுக்கொள்ளக் கூடியவர்தான்.

அவரிடம் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுத்தாரா என்பது முதல் கேள்வி. ஓடு என்பது நகம் மாதிரி உணர்வில்லாத பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே மெல்லிய கொம்புப் பொருள், அதற்கடியில் உயிருள்ள எலும்பு, அதில் இரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. ஓடு உடைந்தால் எலும்பு முறிந்ததற்குச் சமம். முனகவும் கத்தவும் தெரியாத பிராணி வலியைக் காட்டும் வழிகளில் பட்டினியும் ஒன்று. ஊர்வனவற்றுக்கு ஏற்ற வலி மருந்தை எடை பார்த்து அவர் கொடுக்கட்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையை நீங்கள் பொடித்துக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, போட்ட ஊசி என்ன மருந்து என்பது. சில ஆன்டிபயாடிக்குகள் பசியைக் குறைக்கும், ஊசி இறங்கிய தசையிலும் வலிக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவை வறண்ட உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருந்து சீட்டு இருந்தால் அடுத்து யாரிடம் காட்டினாலும் கொண்டுபோங்கள்.

மூன்றாவது கேள்வி அல்ல, எச்சரிக்கை. ஐவர்மெக்டின் என்ற மருந்தை ஆமைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. ஆட்டுக்கு உண்ணி என்றாலும் மாட்டுக் காயத்தில் புழு என்றாலும் கை முதலில் போவது அந்தப் பாட்டிலுக்குத்தான், பழக்க தோஷம். ஆமைகளுக்கு அது நரம்பு மண்டலத்தை முடக்கிக் கொன்றுவிடும். காயத்தில் புழு தெரிந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரால் கழுவ வேண்டும். டர்பன்டைன், அந்துருண்டைப் பொடி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இன்னொன்று: எம்-சீல் வைத்து உடைந்த ஓட்டை அடைக்கலாம் என்று சிலர் செய்து காட்டுகிறார்கள். டிராக்டர் மண்ணோடு சேர்ந்த காயத்தை அப்படி மூடினால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். உங்கள் மாமியார் மஞ்சள் பூசச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். விஷமில்லை, ஆனால் அது காய்ந்து பொருக்குத் தட்டி அடியில் அழுக்கைப் பிடித்து வைக்கும், விட்டுவிடுங்கள்.

பாலும் வேண்டாம். தாய்ப்பாலே அறியாத இனம், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க அதற்கு வழியில்லை, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கரண்டிக் காம்பு அதைவிட ஆபத்து. ஆமைக்குப் பல் கிடையாது, தாடையின் மேல் அலகு போன்ற கொம்பு விளிம்புதான் கடிக்கிறது. உலோகத்தால் நெம்பினால் அது சில்லுச்சில்லாக உடையும், பிறகு வலியில் இன்னும் ஒரு மாதம் வாயைத் திறக்காது. மூச்சுக்குழல் வாய் நாக்குக்கு நேர் பின்னால் திறந்திருக்கிறது. ஊற்றும் கஞ்சி அதற்குள் இறங்கினால் இருமித் துப்பக்கூட அதனால் முடியாது. அடிபட்ட ஆமை காயத்திலிருந்து தப்பி, அன்போடு புகட்டிய கஞ்சியால் நுரையீரல் கெட்டுச் சாவதைப் பார்த்திருக்கிறேன். குழாய் மூலம் உணவு செலுத்துவது கால்நடை மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு உணவுக்குழாய்க்குள் ஒரு குழாயைப் பொருத்திவிடுவோம். வாயைத் தொடவே வேண்டியதில்லை, குழாய் இருக்கும்போதே ஆமை தானாகச் சாப்பிடவும் தொடங்கலாம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

உங்கள் ஆமை இதுவரை தட்டைப் பார்த்ததில்லை. முட்டைக்கோஸையும் பார்த்ததில்லை. அது கொல்லை வரப்பில் நின்று புல்லைக் கடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கிழித்துத் தின்று வளர்ந்தது. பல்லில்லாத பிராணிக்கு அந்த இழுவைதான் வெட்டு. எவர்சில்வர் தட்டில் தனியாகக் கிடக்கும் இலையைக் கடித்து இழுத்தால் இலை கூடவே வழுக்கிக்கொண்டு வரும், இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிடும். தட்டின் பளபளப்பில் தன் நிழல் அசைவதைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே தட்டை எடுத்துவிட்டு, கூரைக்குப் போடும் நாட்டு ஓடு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சொரசொரப்பாக இருக்கும், பல்புச் சூட்டில் தானும் இளஞ்சூடாகும். உணவைச் சிறு கட்டாகக் கட்டி, அடித்தண்டின் மேல் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். இழுத்தால் கிழிய வேண்டும், பெயர்ந்து வரக் கூடாது.

என்ன உணவு? அருகம்புல், மூக்கிரட்டைக் கொடி, வெட்டுக்காயப் பூண்டு, கோவை இலை, செம்பருத்தி இலை. இவை எல்லாம் உங்கள் வீட்டைச் சுற்றி நூறடிக்குள் கிடைக்கும். களைக்கொல்லி தெளித்த வரப்பில் மட்டும் பறிக்காதீர்கள். முருங்கைக்கீரை கொஞ்சம் சேர்க்கலாம், சுண்ணாம்புச் சத்து நிறைய. பசலைக்கீரையும் பருப்புக்கீரையும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் ஓடு வளரத் தேவையான சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறும் ரொட்டியும் எப்போதும் வேண்டாம். சாப்பிடத் தொடங்கிய பிறகு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டு வாங்கி (கணவாய் மீனின் ஓடுதான் அது), சுரண்டி, ஒரு சிட்டிகை இலைமேல் தூவுங்கள். முதலிலேயே தூவினால் அந்த வாசனையைக் கண்டே ஒதுக்கிவிடும்.

பசியைக் கிளப்ப நிறமும் மணமும் உதவும். ஆமைகள் சிவப்பையும் மஞ்சளையும் நன்றாகப் பார்க்கின்றன. என் அனுபவத்தில் செம்பருத்திப் பூவை மிஞ்ச ஒன்றுமில்லை. எந்தப் பச்சையையும் திரும்பிப் பார்க்காத ஆமை அந்தச் சிவப்புக்குக் கழுத்தை நீட்டும். ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி, காலையில் பறித்தது, முழுப் பூவாக. இந்த மாதம் உங்கள் தெருவில் கோலத்துக்கு வைக்கும் பூசணிப்பூவும் கிடைக்குமே, அதுவும் நல்லது (சாணத்தில் செருகியதை எடுக்காமல் கொடியிலிருந்தே பறித்துக்கொள்ளுங்கள்). கடையில் வாங்கும் ரோஜாவும் சாமந்தியும் வேண்டாம், பூச்சிமருந்து அடித்தவையாக இருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல் காடுகளில் சப்பாத்திக்கள்ளி இருக்கும். அதன் பழத்தையும் இளம் மடலையும் நட்சத்திர ஆமை காட்டிலேயே தின்னும். நெருப்பில் வாட்டி, முள்ளும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுணையும் போகச் சுரண்டி, நறுக்கி வையுங்கள். நீர்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும்.

தக்காளியைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதைத் தூண்டிலாக வைத்துக்கொள்வோம். பழமாகக் கொடுக்காதீர்கள். நன்றாகப் பழுத்த தக்காளியை அறுத்து அந்தச் சாற்றை மூக்கிரட்டை இலைமேல் தேய்த்து வையுங்கள். ஒரு நகக்கண் அளவு துண்டு ஒன்றை உச்சியில் வைக்கலாம். பழத்துக்குப் பழகிவிட்டால் புல்லைத் தொடாது, வயிற்றுப்போக்கும் வரும், அதில் போகும் நீரை ஏற்கெனவே வறண்ட உடம்பு தாங்காது.

வைக்கும் நேரம் முக்கியம். வெயில் காய்ந்து, தண்ணீரில் நின்று, பல்பின் கீழ் ஒரு மணி நேரம் இருந்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் உணவை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, தொட்டியின் மேல் பாதியைத் துணியால் மூடிவிட்டு, போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துவிடுங்கள். வாடிய கீரை நாள் முழுக்கக் கிடந்தால் அது சுவர் மாதிரி ஒரு பொருளாகிவிடும், திரும்பிப் பார்க்காது. தின்றதா என்று பத்து நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்ப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. உங்களுக்கு ஆவல் தாங்காது என்றால் கைப்பேசியை ஓரமாகச் சாய்த்துப் பதிவு செய்துவிட்டு அப்புறம் பாருங்கள். இலை விளிம்பில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தாலே போதும், கடித்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டது என்று மகிழ்ந்து அன்றே குவியலாக வைத்துவிடாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு நிறைந்தால் இரத்தத்தில் உள்ள தாது உப்புகள் தாறுமாறாகும். முதல் இரண்டு நாள் நாலைந்து இலையும் ஒரு பூவும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் அதன் ஓட்டின் பரப்பளவுக்கு ஒரு கைப்பிடி. சாப்பிடத் தொடங்கிய பிறகு மலம் வர ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்காக விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள்.

தினமும் காலையில், தண்ணீரில் விடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட வீட்டிலேயே ஒரு சமையல் தராசு வாங்கிவிடுவது நல்லது, ஆமைக்கும் கடைக்காரருக்கும். 1,116 கிராம் என்பது முதல் நாள் எடையிலிருந்து பத்து சதவீத இழப்பு. அந்த எண்ணை நெருங்கும் வரை காத்திருக்கக் கூடாது.

சூடும் தண்ணீரும் கொடுத்து ஒரு வாரமாகியும் உணவைத் தொடவில்லை என்றால் எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கு அருகில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்-ரேயில் நான் தேடுவது மூன்று. முதுகெலும்பு ஓட்டோடு ஒட்டியே இருப்பதால், விரிசல் நடுக்கோடு வரை போயிருந்தால் பின்கால்களும் சிறுநீர்ப் பையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பின்கால்கள் இரண்டையும் சமமாக ஊன்றி நடக்கிறதா என்று இன்றே பாருங்கள், அது நீங்கள் எழுதாத விஷயம். இரண்டாவது, நுரையீரல். அது மேல் ஓட்டுக்கு நேர் அடியில்தான் இருக்கிறது. மூன்றாவது, முட்டை. ஒரு கிலோவைத் தாண்டிய நட்சத்திர ஆமை பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வால் குட்டையாக, அடி ஓடு குழியில்லாமல் தட்டையாக இருந்தால் பெண்தான். வயிற்றில் முட்டை தங்கியிருந்தால் என்ன பூ வைத்தாலும் சாப்பிடாது. உடைந்த பின்விளிம்பு வழியை அடைத்திருந்தால் இடவும் முடியாது.

இதற்கு நடுவே வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, விரிசலில் மூச்சோடு சேர்ந்து நுரை எழுந்தாலோ, காயத்தில் நாற்றம் வந்தாலோ ஒரு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே கிளம்புங்கள்.

அமீனா விஷயம் ஒன்று பாக்கி. அமீனா வரமாட்டார், ஆனால் வேறொருவர் வந்து கேட்கக் கூடும். நட்சத்திர ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். செல்லப்பிராணியாக விற்பதற்காகக் கடத்துகிறார்கள் என்பதால் 2019-இல் பன்னாட்டு வணிகத்தையும் முழுவதுமாகத் தடை செய்தார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில் வைத்திருக்கிறீர்கள், வாய்மொழியாக ஒருவர் சொல்லியும் இருக்கிறார். அது போதாது. வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, எந்தத் தேதியில் எந்த இடத்தில் கிடைத்தது, எங்கே சிகிச்சை, யார் வைத்திருக்கச் சொன்னார் என்று குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள். கிடைத்த இடத்தைச் சர்வே எண்ணோடு எழுதுங்கள். குணமான பிறகு அதே கொல்லைப் பக்கம்தான் விட வேண்டும், தெரியாத காட்டில் விட்டால் ஆமைக்கு இடம் புரியாது. ஓடு கூடிவர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை முழுக்க உங்களிடமே இருக்க வேண்டியதில்லை, வனத்துறை தன் மீட்பு மையத்துக்கு எடுத்துச் செல்வதுதான் முறை. அதை வற்புறுத்திக் கேளுங்கள்.

ஒரத்தநாட்டுக்குப் போவதென்றால் பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டியில், சுருட்டிய துண்டு நான்கு பக்கமும் அணைகட்டி, ஆமையை நேராக வைத்து, காற்றடிக்காத வண்டியில் போங்கள். எக்காரணம் கொண்டும் மல்லாக்கப் போடக் கூடாது. மருந்து சீட்டு, எடை எழுதிய தாள், மனுவின் நகல், கடைசியாகக் கழித்த வெள்ளைக் கழிவின் புகைப்படம், இவை கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் இரண்டு செம்பருத்திப் பூவும் எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்தில் பயணச் சூட்டில் பசி வந்துவிடும் ஆமைகளும் உண்டு.